நாலு நாற்பதுக்கு வைத்த அலாரம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் செய்தித்தாளை எட்டாக மடித்து வைத்திருக்கிறீர்கள். மடித்த காகிதம் மூன்று வாரம் தாங்கும், பிறகு நசுங்கிவிடும், யாராவது ஒருவர் குனிந்து இன்னொன்றை வைப்பார். வைத்தவரை எல்லோரும் நல்ல மனிதர் என்பார்கள். காலையே சரிசெய்யலாம் என்று ஒருவருக்கும் தோன்றாது. நான் சொல்லப்போவது முழுக்க இதைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆக்ஸிஜன் தயாரிக்க வசதியில்லாத சிறிய மருத்துவமனைகளுக்குச் சிலிண்டர் அனுப்புவது எங்கள் திட்டத்தின் வேலை. பதின்மூன்று கிளை அலுவலகங்கள், கூட்டாளி அமைப்புகள் நடத்தும் இருபத்துநான்கு மருத்துவமனைகள், ஒரு தலைமைக் கிடங்கு. நான் வருவதற்கு முன்பு எல்லாம் தொலைபேசியில் நடந்தது. ஒருவர் கூப்பிடுவார், இன்னொருவர் கையில் கிடைத்த தாளில் கிறுக்கிக்கொள்வார், லாரி கிளம்பும். எந்தச் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அறுபத்தொரு சிலிண்டர்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றும் ஓர் ஆள் எடை. அறுபத்தொரு ஆள் எடையைத் தொலைத்துவிட்டு நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்காகத்தான் மென்பொருள். அழகான பொருள் அது. திரையில் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு கார்டு. மருத்துவமனை கேட்டதும் கார்டு பிறக்கும். கிடங்கு ஒப்புக்கொண்டால் ஒரு கட்டம் நகரும், லாரி ஏற்றினால் இன்னொரு கட்டம், மருத்துவமனை இறக்கினால் இன்னொன்று. கடைசியாக, காலிச் சிலிண்டர் கிடங்குக்குத் திரும்பியதை லாரி ஓட்டுநர் தன் கைபேசியில் உறுதிசெய்வார். அதைச் செய்யாதவரை அந்த மருத்துவமனையின் அடுத்த கார்டு நகராது. குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறதல்லவா, தண்ணீரைப் பின்னால் விடாமல் தடுக்குமே, அதே தத்துவம். இந்த விதி வந்தபிறகு ஒரு சிலிண்டர்கூடத் தொலையவில்லை.

பதினொரு மாதம் அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பயிற்சி கொடுத்தேன். ஓரிடத்தில் கணினிக்குத் துணி போர்த்தி மேலே பூந்தொட்டி வைத்திருந்தார்கள். இன்னோரிடத்தில் கடவுச்சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மேலாளர் ஒருவர், "எங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்? இங்க இருக்கிறவங்க எல்லாரும் நம்பிக்கையான ஆளுங்க" என்றார். தலையாட்டுவார்கள், பிஸ்கட் சாப்பிடுவார்கள், நான் வண்டி ஏறியதும் தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். பிறகு சனிக்கிழமை மதியம் ஒரு தட்டச்சர் உட்கார்ந்து வாரத்தின் கார்டுகளையெல்லாம் ஒரே மூச்சில் நிரப்புவார். மூன்று மணி நேர லாரிப் பயணம் ஒன்பது நொடியில் முடிந்ததாக என் திரையில் வரும். பொய் சொல்வதற்குக்கூட அவர்களுக்குத் திறமை போதவில்லை.

இவர்களில் மோசமானவன் ஆற்றங்கரை மருத்துவமனையின் ஸ்டோர்கீப்பர். அவன் என் அண்ணன்.

லாரி ஓட்டுநர்கள், நர்சுகள், அவனைவிடப் பத்து வயது மூத்த தலைமைக் கிடங்குக்காரர், எல்லோரும் அவனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் அண்ணன். எனக்கு மட்டும் பிறப்பால். அம்மா என்னோடு இருக்கிறாள். அவளுடைய கண்ணாடி காணாமல் போனால் தொலைவில் இருக்கும் அவனுக்குத்தான் தொலைபேசி செய்வாள். "ஃபிரிட்ஜ் மேல பாரும்மா" என்பான். அங்கேதான் இருக்கும். நான் பக்கத்து அறையில் இருப்பேன். இதைப் பொறாமையால் சொல்லவில்லை. ஒரு வேலை முறையற்ற வழியில் நடந்து முடிந்தால் அந்த வழியே சரி என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள் என்பதற்கு உதாரணமாகச் சொல்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் கூப்பிட்டான்.

"தம்பி, இங்க நாலு பேருக்கு மாட்டியிருக்கு. ரெண்டு சிலிண்டர்தான் மிச்சம். கிடங்குல கேட்டா கார்டு நகரலங்கறாங்க."

"சனிக்கிழமை போன காலி இன்னும் உறுதியாகலண்ணா."

"காலி போய்ச் சேந்தாச்சுடா, நானே ஏத்திவிட்டேன். டிரைவர் தட்ட மறந்திருப்பான். அவன் இன்னிக்கு லீவு, ஃபோனும் எடுக்கல. உன் டப்பாவுல நீயே ஒரு தட்டு தட்டிவிடேன்."

"பாக்கறேன்ணா."

"பாக்கறேன்னு சொல்லிட்டுப் பாக்காம இருக்கிறவன்தானே நீ," என்று சிரித்தான். "சாப்டியா?"

அவசர விடுவிப்பு என்று ஒரு பொத்தான் உண்டு. முப்பத்தெட்டு இடங்களுக்கும் சேர்த்து அது என்னிடம் மட்டும்தான் இருந்தது. அழுத்தினால் கார்டு உடனே நகரும். ஆனால் ஒருமுறை அழுத்தினால் அதன்பிறகு அவர்கள் கார்டைத் தேட மாட்டார்கள், என்னைத் தேடுவார்கள். நானும் இன்னொரு மடித்த காகிதம் ஆகிவிடுவேன்.

ஒரு சிலிண்டரில் ஏழாயிரம் லிட்டர். நான்கு பேர், ஆளுக்கு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். இரண்டு சிலிண்டரும் சேர்ந்து எழுநூறு நிமிடம் வரும். எட்டு மணியிலிருந்து எண்ணினால் இரவு ஏழு நாற்பது. லாரிக்கு மூன்று மணி நேரம் வேண்டும். ஆகவே நாலு நாற்பதுக்குள் லாரி கிளம்ப வேண்டும். எவ்வளவு சுத்தமான கணக்கு பாருங்கள், மீதி ஒன்றுமே இல்லை. கைபேசியில் நாலு நாற்பதுக்கு அலாரம் வைத்தேன். வேலை மும்முரத்தில் மறந்துபோய்விட்டதாக யாரும் சொல்லக்கூடாது.

அதன்பிறகு அவன் ஒன்பது முறை கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. பக்கத்து ஊர் மருத்துவமனையில் இரண்டு சிலிண்டர் கடன் கேட்டிருக்கிறான். அங்கிருந்த பெண் கொடுக்கத் தயாராக இருந்தும், முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாள். "கார்டு இல்லாம குடுக்கலாம்மா, ஆனா பொறுப்பு உங்களோடது" என்றேன். தலைமைக் கிடங்குக்காரரும் தன்னிச்சையாக அனுப்பவில்லை. முந்தின மாதம் கார்டு இல்லாமல் அனுப்பிய ஒருவர் என் அறிக்கையால் வேலையிழந்திருந்தார். பதினொரு மாதப் பயிற்சி அன்றுதான் முதன்முதலாகப் பலித்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

அலாரம் அடித்தது. அணைத்தேன்.

கணக்கு பன்னிரண்டு நிமிடம் தவறியது, ஒரு நர்ஸ் இடையில் அளவைக் குறைத்திருக்கிறாள். மூன்றாவது, ஐந்தாவது, ஆறாவது படுக்கைகள். அண்ணனுக்குப் பெயர்கள் தெரியும்: ஒரு தையற்காரர், பள்ளிச் சமையல்காரம்மா ஒருத்தி, பிரசவமாகி நான்கு நாளான ஒரு பெண். இரண்டாவது படுக்கைக்காரர் பிழைத்துக்கொண்டார். அதே நர்ஸ் ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி வேறு லாரி வரும்வரை காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தாளாம். மறுபடியும் கை. இவர்களுக்குக் கையை விட்டால் வேறு எதுவும் தெரியாது.

வாசலில் யாரோ அண்ணனை அடித்தார்கள், காது கிழிந்தது. வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணைக் குழுவிடம் அவன் என்னைக் கூப்பிட்டதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "பதிவெல்லாம் நான்தான் சரியா பாத்திருக்கணும், தப்பு என்னோடதுதான்" என்று மட்டும் சொன்னான். கடைசியில் அவனுக்கும் முறை என்றால் என்னவென்று புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் குழுவின் முடிவு வந்தது. அண்ணன்மேல் குற்றமில்லையாம், என்மேலும் இல்லையாம். மென்பொருள் கோளாறு என்று எழுதிவிட்டார்கள். முப்பத்தெட்டு இடங்களிலிருந்தும் அதை நீக்கச் சொல்லி உத்தரவு. கோடு போட்ட நீள நோட்டுகளை வாங்கிக் கட்டுக்கட்டாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று சொல்கிறேன். கிடங்குக்காரர் சாட்சியில், "மதியம் கார்டு வந்துச்சு சார், லாரிக்கு ஆளக் கூப்பிட்டேன், திரும்பிப் பாத்தா காணோம்" என்றிருக்கிறார். பதிவேட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். கார்டைத் திருப்பியனுப்பியது 'தானியங்கி' என்று இருந்திருக்கிறது. இயந்திரம் தானாகவே கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒருவருக்குக்கூட அடுத்த கேள்வி தோன்றவில்லை. மென்பொருளின் தலைமை நிர்வாகி நான்; அந்தக் கணக்கிலிருந்து எதைச் செய்தாலும் பதிவேட்டில் அது 'தானியங்கி' என்றுதான் விழும். பதிவேடு பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று அப்படி அமைத்தவன் நான்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நடந்தது இதுதான். அண்ணன் தனக்குத் தெரிந்த நாலு பேரைப் பிடித்து, லீவில் இருந்த ஓட்டுநரை எங்கோ ஒரு கல்யாண வீட்டில் கண்டுபிடித்து, கைபேசியில் தட்ட வைத்துவிட்டான். மதியம் இரண்டு பத்துக்குக் காலி உறுதியானது. அந்த நொடியே மென்பொருள் அவன் கார்டை விடுவித்தது. கார்டு பச்சை நிறமானது, எந்தப் பிசகும் இல்லாமல். நேரம் தாராளமாக இருந்தது. இரண்டு பதின்மூன்றுக்கு நான் அதைத் திருப்பியனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் 'தாமதப் பதிவு' என்று எழுதினேன். மறுபடியும் தொலைபேசியாலேயே காரியத்தை முடித்துவிட்டானே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அண்ணன்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே, காதில் கட்டோடு, அவன்தான். நான் சாட்சி சொல்ல வந்திருப்பதாக நினைத்துத் துணைக்கு வந்திருக்கிறான். உள்ளே கூப்பிட்டால், "தம்பிக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்பான். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். அவன் எதையும் முறையாகச் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். போடுவதற்கு முன் ஒரு திருத்தம் மட்டும். மூன்று பேர் இறந்ததை முதல் வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை இரண்டாவது வரிக்குக் கொண்டுபோங்கள். முதல் வரியில், மென்பொருள் அன்று முழுவதும் சரியாக வேலை செய்தது என்று இருக்கட்டும்.