பெரட்டுக்களத்தில் ஒரு பதில்

கேகாலையிலிருந்து தோட்டப்பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் நாடக உடுப்பு மூட்டை.

"ஒங்கப்பா நேத்து நாடகத்தையே கெடுத்துட்டாரு" என்றாள் மூத்தவள்.

"கெடுக்கல அக்கா."

"கொழும்புல பார்த்தேன்னு சொன்னேன்ல, வெளிநாட்டுலருந்து வந்த கறுப்பினப் பொண்ணுங்க போட்ட நாடகம். பொலிஸ் சுட்டுக் கொன்னவங்க பேரை ஒண்ணொண்ணா கூப்பிட்டாங்க. பதிலே வரல. அந்த அமைதியிலதான் நான் அழுதேன். அதனாலதான் நாமளும், காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல நின்னு, கணக்கப்பிள்ளை கூப்பிடுற மாதிரி, மண்சரிவுல லயத்து வீடுகளோட புதைஞ்சு போனவங்க பேரைக் கூப்பிட்டோம்."

"தெரியும்."

"வீடு கட்டக் காணி கேக்குற நாடகம். ஆபீஸ்காரங்க பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. ஒங்கம்மா பேரைச் சொன்னதும் இவரு கையத் தூக்கி, 'வந்துக்கிட்டிருக்கா ஐயா'ங்குறாரு."

இளையவள் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா சோறாக்கிட்டு பெரட்டுக்கு வரப் பிந்தும். அப்பல்லாம் அப்பாதான் அப்படிச் சொல்லுவாரு. இல்லாட்டி அரைப்பேர் போட்டு பாதிச் சம்பளத்த வெட்டிருவாங்க. வாய்ப்பழக்கம் அக்கா."

"சரி, அவருக்குப் பழக்கம். பேர் கூப்பிடுற நீயாவது அடுத்த பேரைச் சொல்லியிருக்கலாம்ல? எல்லாரும் ஒன்னயவே பார்க்குறாங்க, நீ வேற பக்கம் திரும்பி நிக்கிற."

பஸ் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து ஏறியது.

"அம்மா வர்ற பாதையப் பார்த்துக்கிட்டு நின்னேன் அக்கா."