மகன் என்று போட்ட கையெழுத்து

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தொன்று. மணமாகவில்லை. ஒரு பதிப்பகத்தில் மின்னஞ்சல் சர்வரைப் பராமரிப்பது என் வேலை. அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், ஏசி இயந்திரத்துக்குப் பக்கத்து அறை என்னுடையது. ஏதாவது பழுதானால்தான் அங்கே ஆள் தலைகாட்டும். காவல் ஆய்வாளர் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

மருத்துவமனையில் இருக்கும் பெரியவர் எங்கள் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துநராக இருந்து, நான் வேலைக்குச் சேருமுன்பே ஓய்வு பெற்றவர். அவரைக் கமா சார் என்பார்கள். கேன்டீன் விலைப்பலகையில்கூட கமா போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாராம். ஓய்வு பெற்றவர்களுக்கும் அலுவலக அஞ்சல் கணக்கு உண்டு. அவ்வப்போது கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும். சர்வரைப் புதுப்பித்தபோது, கடவுச்சொல்லை மாற்றித் தரும் பிளகின் என்ற இணைப்பு நிரல் வேலை செய்யாமல் போனது. யார் மாற்றினாலும் 'சேமிக்க இயலவில்லை' என்று வந்தது. எல்லோரும் என்னை வறுத்தெடுத்தார்கள். கமா சார் மட்டும் போனில், "அவசரமே இல்ல தம்பி. நிதானமா பாருங்க. நான் வீட்லதான் இருக்கேன்" என்றார்.

அதன் பிறகு அவர் கணக்கை வைத்தே சோதித்தேன். நான் ஒன்றைச் சரிசெய்வேன், அவர் வீட்டிலிருந்து மாற்றிப் பார்த்து, திரையில் வந்த செய்தியை ஓர் எழுத்து விடாமல் படிப்பார். முதலில், பிளகினின் அமைப்பில் பழைய சர்வரின் முகவரியே இருந்ததைக் கண்டு மாற்றினேன். தீரவில்லை. அதன் பிறகு லாக்கை, அதாவது சர்வர் தானாக எழுதும் பதிவை, விரிவாக எழுதச் செய்து பார்த்தேன். பிளகின் மீது குற்றமில்லை. அது கொடுப்பதை வாங்கி சர்வரில் எழுதும் துணை நிரலுக்கு, புதுப்பித்ததில் இயங்கும் அனுமதி பறிபோயிருந்தது. அனுமதியைக் கொடுத்ததும் கமா சாரின் கடவுச்சொல் மாறியது. "மாறிடுச்சா? அப்ப இனிமே உங்களைக் கூப்பிட வேண்டியதில்லையா?" என்று கேட்டார். வேண்டியதில்லை என்றேன்.

அதன் பிறகு மற்றவர்களின் புகார் நின்றது. கமா சாரின் புகார் மட்டும் தினமும் காலையில் வந்தது. லாக்கில் 'தற்போதைய கடவுச்சொல் தவறு' என்று இருந்தது. கடவுச்சொல்லைச் சரியாக அடித்து உள்ளே வந்தால்தான் அதை மாற்றும் பக்கத்துக்கே போக முடியும்; அங்கே அதையே மறுபடி அடிக்க வேண்டும். சரியாக அடித்து உள்ளே வந்தவர், அடுத்த நிமிடமே அதைத் தவறாக அடித்திருந்தார். காலமெல்லாம் ஊரார் பிழையைப் பிடித்த மனிதர் தினமும் ஒரே பிழையைச் செய்தால் அது வேண்டுமென்றே செய்வது என்று எனக்குப் புரிந்தது. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. "இது கொஞ்சம் சிக்கலான கேஸ் சார், பாக்குறேன்" என்றே சொல்லிவந்தேன். பழுதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவோம். பிறகு நான் சாப்பிட்டேனா, இருமல் விட்டதா என்று கேட்பார். நாள் முழுக்க வேறு யாரும் என்னை அப்படிக் கேட்பதில்லை. அந்த அழைப்புக்காகவே நான் சீக்கிரம் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன்.

அவர் வீட்டில் விழுந்துகிடந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஆய்வாளர் கேட்கிறார். அன்று அழைப்பு வரவில்லை. லாக்கைப் பார்த்தேன், அந்தப் பிழையும் இல்லை. நானே போன் செய்தேன், எடுக்கவில்லை. நிர்வாகப் பிரிவில் முகவரி வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் தட்டியதற்குப் பதில் இல்லை, உள்ளே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தோளால் இடித்துத் தாழ்ப்பாளை உடைத்தது நான்தான். அவருடைய வீட்டு உரிமையாளர் ஆய்வாளரிடம் அப்படிச் சொன்னது சரி. குளியலறை வாசலில் கிடந்தார். அவர் முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டில் எந்தப் பொருளையும் நான் எடுக்கவில்லை. குழாயை மூடினேன்.

அதன் பிறகு மருத்துவமனையில், தலைக்குள் ரத்தம் கசிகிறது, உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். "நீங்க என்ன வேணும் அவருக்கு? சொந்தக்காரங்கதான் கையெழுத்துப் போடணும்" என்று செவிலியர் கேட்டார். மெயில் சர்வர் பார்க்கிறவன் என்றால் நடையைக் கட்டு என்பார்கள் என்று பயந்தேன். உறவுமுறை என்ற இடத்தில் மகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு அண்ணன் மகன் ஒருவர் வெளியூரில் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. "சித்தப்பாவுக்குக் கல்யாணமே ஆகல, மகன் எங்கேர்ந்து வந்தான்?" என்று அவர் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. யாராயிருந்தாலும் கேட்பார்கள்.

பெரியவர் கண்விழித்ததைச் செவிலியர்தான் என்னிடம் சொன்னார். தெளிவாகப் பேசினாராம். கட்டிலில் மாட்டியிருந்த அட்டையில் தன் வயது தப்பாக இருப்பதைக் காட்டி, அதைத் திருத்தச் சொன்னாராம். அதன் பிறகு செவிலியர், "உங்க பையன் வெளியவே உக்காந்திருக்கார்" என்று சொல்லியிருக்கிறார். அதை அவர் திருத்தவில்லை. "வரச் சொல்லுங்க" என்றாராம்.

ஆய்வாளர் எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. மகன் என்று எழுதியது பொய். மற்றதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)