மூன்றாம் பூச்சு காயும் வரை

காரைக் கழுவ ஒரு வாளி போதும் என்று நம்புகிறவர்கள்தாம் உலகில் பெரும்பான்மையோர். நீங்களும் அப்படி நம்புகிறவர்தான், ஐயா. காவல் நிலைய வாசலில் நிற்கும் உங்கள் வண்டியைப் பார்த்தபோதே தெரிந்தது. குறையாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் வந்த அறியாமை அது.

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் நுரைத் தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். காரைத் துடைத்த துணியை வெறும் தண்ணீரில் அலசி, மண்ணைக் கழித்த பிறகே மீண்டும் நுரையில் தோய்க்க வேண்டும். அலசாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத மணல் துணியோடு திரும்பி வந்து, துடைக்கிற சாக்கில் கீறிவிட்டுப் போகும். துணியும் மூன்று வேண்டும். கூரைக்கும் கண்ணாடிக்கும் ஒன்று, கதவுகளுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. சக்கரத்தைத் தொட்ட துணி மேலே ஏறக் கூடாது. எத்தனை முறை வெளுத்தாலும் ஏறக் கூடாது. கீழே பிறந்த அழுக்கு கீழேயே கிடக்க வேண்டும் என்பது என் வீட்டின் சட்டம். இதைக் கொடுமை என்பார் உண்டு. ஒழுங்கைக் கண்டால் கொடுமை என்று கூவுவது சோம்பேறிகளின் வழக்கம்.

என் மனைவியின் தம்பி இந்த ஒழுங்குக்குள் ஒரு பையோடு வந்து சேர்ந்தான். தரைக்கு ஓடு பதிப்பது அவன் தொழில். அருகில் கட்டப்படும் அடுக்குமாடி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அது முடியும் வரை அக்கா வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொன்னான். நல்லவன்தான். எல்லாரும் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் நல்லவனுக்கும் நகம் உண்டு. அவன் நகக்கண்களில் சிமெண்டு உறைந்திருக்கும். முழங்கை மடிப்பில் வியர்வையும் தூளும் குழைந்து சாம்பல் நிறத்தில் ஒரு பசைக்கோடு படிந்திருக்கும். சாப்பிட்டதும் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்புவான்; அந்த விரல்களாலேயே கார்க் கதவைத் திறப்பான். அவன் இறங்கிய பிறகு இருக்கையில் முதுகளவுக்கு ஓர் ஈரத்தடம் இருக்கும். அது காயும் வரை அந்த இருக்கையை நான் தொட மாட்டேன்.

அவனுக்கென்று தனித் தட்டும் தனிக் குவளையும் ஒதுக்கினேன். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவனோ சிரித்தான்.

"விடுக்கா. அத்தான் என்னையும் சக்கரத் துணின்னு முடிவு பண்ணிட்டாரு. நல்லவேளை, தோட்டத்துல கொடி கட்டிக் காயப்போடாம விட்டாரே."

அவளும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அவன் வேடிக்கையாகச் சொன்னதை நான் பல நாளாக உண்மையாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு விடுமுறை நாளில் நான் வெளியே போயிருந்தபோது, எனக்கு மகிழ்ச்சி தருவதற்காகக் காரைக் கழுவி வைத்தான். அன்பு அறியாமையோடு கூட்டுச் சேர்ந்தால் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு அந்தக் கார் சாட்சி. ஒரே வாளி. பாத்திரம் தேய்க்கும் சோப்பு. வால்விளக்கின் ஓரத்தில், என்றோ கல் தெறித்துக் கடுகளவு பெயிண்ட் உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில், மோட்டாரால் தண்ணீரைப் பீய்ச்சும் பிரஷர் வாஷரின் முனையை ஒட்டிப் பிடித்திருக்கிறான். தண்ணீர் உள்ளே புகுந்து, பெயிண்ட் கட்டைவிரல் நக அளவுக்குப் பெயர்ந்துவிட்டது.

"எப்படி இருக்கு அத்தான்? மூஞ்சி பாத்துத் தலை வாரிக்கலாம்ல?"

"எந்தத் துணியால துடைச்ச?"

"இதோ, இதாலதான். ஏன்?"

சக்கரத் துணி. அதைத் தோளில் போட்டிருந்தான். பேச்சினூடே அதன் நுனியால் முகத்தையும் துடைத்துக்கொண்டான்.

"ஒரு பொட்டுதானே பேந்துருக்கு. வெள்ளைப் பெயிண்ட் வாங்கி நானே வெச்சுடறேன், கோவிச்சுக்காதீங்க."

"வெள்ளையில எத்தனை வெள்ளை இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"வெள்ளைன்னா வெள்ளைதானே அத்தான்?"

ஒவ்வொரு காருக்கும் அதன் நிறத்துக்கென ஓர் எண் உண்டு. கதவின் உட்புறச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்குரிய சிறு புட்டி என்னிடம் இருந்தது. அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். அது அவனை வருத்தியதாக மனைவி பிற்பாடு சொன்னாள். வருந்தட்டும் என்றுதான் நிறுத்தினேன்.

சம்பவத்தன்று காலை காரை வெளியே எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் ஒரு கை தெரிந்தது. காருக்கும் பின்சுவருக்கும் நடுவே குந்தி, சுவரில் முதுகைச் சாய்த்து, வால்விளக்கின் ஓரத்தில் அவன் பெயிண்ட் வைத்துக்கொண்டிருந்தான். ஏதோ கடையில் கிடைத்த ஏதோ ஒரு வெள்ளை. மஞ்சள் ஓடிய வெள்ளை. அதை அப்பி அப்பி, பழுத்த கட்டி உடைந்து சீழ் வடிவதுபோல் வழியவிட்டிருந்தான். வழிந்ததைத் துடைக்க விரலை நாக்கில் தொட்டான். எச்சிலால் என் காரைத் தேய்த்தான்.

என்ஜின் சத்தம் கேட்டதும் குரல் கொடுத்தான்.

"அத்தான், எடுத்துடாதீங்க! பின்னாடி நான் இருக்கேன். இதோ முடிஞ்சிடுச்சு."

கால் வழுக்கிவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். கால் வழுக்கவில்லை. பின் கியரைத்தான் போட்டேன். மெதுவாகவே விட்டேன். வேகமாகப் போயிருந்தால் பம்பர் நெளிந்திருக்கும்.

உடனே உயிர் போய்விட்டது என்றும் சொன்னேன். அங்கேதான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். அவன் விரல்களில் மஞ்சள் ஓடிய வெள்ளை, காரில் இருப்பதோ எண் பொருந்திய வெள்ளை. செத்தவன் எழுந்து வந்து பெயிண்ட்டை மாற்றி வைத்தானா என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஒரு வாளிக்காரர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவன் உடனே சாகவில்லை. பம்பருக்கும் சுவருக்கும் இடையே மார்பு சிக்கியிருந்தது. நான் என் பெயிண்ட் சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"அத்தான்... கொஞ்சம் முன்னால எடுங்க... மூச்சு..."

"பொறு மாப்ள. இது காயறதுக்குள்ள துடைச்சிடணும்."

நான் பொய் சொல்லவில்லை. இறுகிவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். தின்னர் தோய்த்த பஞ்சால் அவன் அப்பியதை வழித்தெடுத்தேன். உப்புத்தாளால் விளிம்பைச் சமமாக்கினேன். பல்குச்சி முனையால் அடிப்பூச்சு வைத்தேன். அது காய்ந்த பின்புதான் நிறம், நிறம் காய்ந்த பின்புதான் மேல்பூச்சு. அவசரப்பட்டால் சுருங்கிவிடும். அவனுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான் இருந்தது. அவன் வாயோரம் இளஞ்சிவப்பு நுரை கட்டி, கன்னத்தில் இறங்கி, என் பம்பரில் சொட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்தேன். அருவருப்பு என் பலவீனம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அடிப்பூச்சு காயும் வரை என்னை அழைத்தான். நிறம் காயும்போது அக்காவை அழைத்தான்.

அவள் பின்கட்டுச் சமையலறையில் இருந்தாள். நேற்று உங்கள் நடைவழியில் என்னைப் பார்த்தபோது அவள் அழவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் என்னைக் கூப்பிட்டானா?"

"இல்ல. வலியே தெரியாமப் போயிட்டான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "மிஷின் ஓடுற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டுச்சு," என்றாள். அதைக் கேட்டுத்தான், அந்தக் காலையில் பிரஷர் வாஷரை ஏன் ஓட்டினாய் என்று இப்போது என்னைக் கேட்கிறீர்கள். பம்பர் அழுக்காயிருந்தது, அழுக்கைக் கண்டால் கழுவுகிற மனிதன் நான், அதனால் ஓட்டினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

உண்மையில், மேல்பூச்சும் வைத்த பிறகு அவன் அக்காவை உரக்கக் கூவி அழைக்கத் தொடங்கியபோதுதான் ஓட்டினேன். அந்த மோட்டார் பெரும் சத்தம் போடும். அது ஓடினால் வீட்டில் வேறெதுவும் காதில் விழாது. அவன் குரல் நின்ற பிறகே அணைத்தேன். மற்றபடி என் வேலையில் ஒரு குறையும் காண முடியாது, ஐயா. மூன்றாம் பூச்சு அப்போது ஈரமாக இருந்தது. ஈரப் பெயிண்டில் ஒரு துளி தண்ணீர்கூடப் படக் கூடாது. அதனால்தான், ஓடிய நேரம் முழுக்க, அதன் முனையைச் சாக்கடைக்குள் திருப்பி வைத்திருந்தேன்.