பென்சிலில் எழுதிய முகவரி

பதிவேட்டைப் பென்சிலில் எழுதுகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. எழுதுவதென்றால் மையால் எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தால் முடிந்தது. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகக் கணக்கெடுத்த எனக்கு இதைவிடப் பெரிய கொள்கை எதுவும் இருந்ததில்லை. உங்கள் எழுத்தர் என் வாக்குமூலத்தை மையால் எழுதுகிறார், இன்ஸ்பெக்டர் அம்மா. அது எனக்குத் திருப்தியாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல் தப்பாக விழுந்திருக்கிறது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

என் பெயர் தங்கச்சாமி, ஊர் விருதுநகர். ஓய்வு பெற்றபின் வீட்டில் நான் தனியாள். மனைவி செல்லக்கனி ஒன்பது வருடமாகத் தேனிப் பக்கம் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். எங்கள் ஊர் வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் மூளை துருப்பிடிக்கும் என்றுதான் மதுரை அறக்கட்டளை ஒன்று கொடுத்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். வீட்டில் அடிபடும் பெண்களுக்காகச் சாத்தூரில் கற்பகவல்லி என்பவர் ஒரு மையம் நடத்துகிறார். அதற்கு உதவி செய்வது அந்த அறக்கட்டளை. மையத்துக்கு வந்துபோன நாற்பது பெண்களை நேரில் பார்த்து, அவர்களுக்கு என்ன பயன் என்று விசாரித்து, நான் அறிக்கை தர வேண்டும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. தீபாவளி ஆர்டர் மும்முரமாக இருக்கும் மாதங்களில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்ணை வீட்டில் பிடித்துப் பாருங்கள், தெரியும். ஒரே வீட்டுக்கு ஆறு தடவை நடந்திருக்கிறேன். ஆள் கிடைத்தாலும் பதில் கிடைக்காது. ஒவ்வொரு சேவைக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால், எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஐந்து. வள்ளித்தாய் என்ற பெண் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: "அஞ்சு போட்டுக்கோங்க சார். ஆறு இருந்தா ஆறு போடுங்க. கற்பகம் அக்காவுக்கு ஒண்ணும் குறைஞ்சிறக் கூடாது." மையத்தில் வக்கீல் வைத்துக் கொடுத்தார்களா என்றுதான் நான் அவளிடம் கேட்டிருந்தேன். இப்படிப்பட்ட பதில்களை வைத்துக்கொண்டு எவன் அறிக்கை எழுதுவான்? எரிச்சலில் எனக்குப் பசியே போய்விட்டது.

அந்த எரிச்சலோடுதான் மையத்துப் பதிவேட்டில் இருபத்தேழாவது வரிசைக்கு வந்தேன். பெயர் பாண்டிச்செல்வி, வயது முப்பத்து மூன்று, வேலை பட்டாசுக் கம்பெனியில் டப்பா அடைப்பது. கணவர் பெயர் ஊர்க்காவலன், லோடு ஆட்டோ ஓட்டுபவர். இடது மணிக்கட்டு ஒரே இடத்தில் இரண்டு தடவை முறிந்தது வரை எல்லாம் மையால் இருந்தது. தற்போதைய முகவரி என்ற கட்டத்தில் மட்டும் ரப்பர் தேய்த்த தடம். அங்கே வேலை செய்யும் முறையே அப்படித்தான். ஆபத்தில் இருக்கும் பெண்ணை வேறு ஊரில் குடிவைக்கும்போது முகவரியைப் பென்சிலில் எழுதுவார்கள். அவள் அங்கே போய்ச் சேர்ந்ததும், கற்பகவல்லி அதை மனப்பாடம் செய்துகொண்டு அழித்துவிடுவார்.

முகவரியைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. "அந்த ஒண்ண விட்டுருங்க சார். முப்பத்தொன்பது பேரு இருக்காகல்ல" என்றார். முப்பத்தொன்பது வேறு, நாற்பது வேறு என்பது அவருக்குப் புரியவில்லை. பக்கத்து அறையில் யாரோ அழும் சத்தம் கேட்டு அவர் எழுந்து போனார். பென்சில் எழுத்தை அழிக்கலாம், அழுத்தத்தை அழிக்க முடியாது. கற்பகவல்லிக்கு அழுத்தி எழுதும் கை. ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தேன். வெம்பக்கோட்டை, தெருப் பெயர், கதவு எண், பின்கட்டு என்பது வரை வரிவரியாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள் விலக வெகுநேரம் ஆயிற்று. பாண்டிச்செல்வி மெலிந்த பெண். விரல் இடுக்கில் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் போகாமல் இருந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல், "யாரு சொன்னா?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, நானே படித்துக்கொண்டேன் என்றேன். நான் உண்மையை மறைக்கிறவன் அல்ல.

அவள் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். மையம் செய்ததில் எது அதிகம் பயன்பட்டது என்பது பதினான்காவது கேள்வி. "உள்பக்கம் தாப்பா இருக்க ரூம்பு பாத்துக் கொடுத்தாக. இப்பத்தான் அசந்து தூங்குதேன்" என்றாள். ஆலோசனை, சட்ட உதவி, தொழிற்பயிற்சி என்று கட்டங்கள் இருந்தன. தாழ்ப்பாளுக்குக் கட்டம் இல்லை. 'மற்றவை'யில் குறித்துக்கொண்டேன். மதிப்பெண் கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு நாலு என்றாள். நாற்பது பேரில் ஐந்து கொடுக்காதவள் இவள் ஒருத்திதான். ஏன் நாலு என்று ஆர்வமாகக் கேட்டேன்.

"உங்களுக்கு எடம் தெரிஞ்சுபோச்சுல்ல ஐயா. அதுக்காண்டி ஒண்ணு குறைச்சேன்" என்றாள்.

வாசல்வரை வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் இங்கன இருக்கிறத மட்டும் எழுதிறாதீக." எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், முகவரி இல்லாத படிவம் செல்லாது. மையால் எழுதினேன். பஸ் குலுங்கியும் எழுத்து கோணவில்லை.

அதற்கடுத்து நான் செய்ததைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒரு பக்கம் கேட்டால் மறுபக்கமும் கேட்பதுதான் நியாயம். மற்ற முப்பத்தொன்பது கணவன்மாரையும் பார்த்தீரா என்றால், இல்லை. ஊர்க்காவலனை மட்டும்தான் பார்த்தேன். சாத்தூருக்கு மேற்கே அவர் வீடு. நாற்காலி எடுத்துப் போட்டார், குடிக்கக் கலர் சோடா வாங்கி வந்தார், செல்போனை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒரு கேள்விக்குக்கூட முகம் சுளிக்கவில்லை. மையத்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்தார்.

"எம் பக்கத்த யாருமே கேக்கல சார். நீங்கதான் மொத ஆளு" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும் சார். அம்புட்டுத்தான்" என்றார். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அந்த நாகரிகம் என்னைத் தொட்டது. இதே வார்த்தையை நானும் பல வாசல்களில் நின்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 'கவனக்குறைவால் படிவக் கோப்பை அவரிடம் விட்டுச் சென்றேன்' என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார். கவனக்குறைவு என்பதை அடித்துவிடச் சொல்லுங்கள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தாளைக்கூட நான் தவறவிட்டதில்லை. அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அடியில் இருந்தது. பாண்டிச்செல்வியின் படிவத்தை உருவி மேலே வைத்தேன், முகவரி அவர் பக்கம் பார்க்கும்படி. கை கழுவ வேண்டும் என்று கொல்லைக்குப் போனேன். கையில் அழுக்கு எதுவும் இல்லை. ஊர்க்காவலன் எட்டாவதுவரை படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அதற்கு வேண்டிய நேரம் கழுவினேன்.

திரும்பி வந்தபோது கையெழுத்துப் போட்டிருந்தார். இன்னொரு கலர் சாப்பிடச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் வெம்பக்கோட்டையில் கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் அவர் காத்திருந்தார். அரிவாளைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாராம், அது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள். பேப்பரில் போட்டிருந்த படத்தில் தார்ச் சாலையில் சாப்பாட்டுத் தூக்கு மட்டும் உருண்டு கிடந்தது. கற்பகவல்லி என் வீடு தேடி வந்து, திட்டாமல் அழாமல் நின்றார். "ரப்பர் வச்சு நல்லாத்தான அழிச்சேன் சார்" என்று இரண்டு தடவை சொன்னார். அழுத்தாமல் எழுதியிருக்க வேண்டும் என்றேன்.

அறிக்கையைக் குறித்த நாளில் அனுப்பிவிட்டேன். பாதுகாப்பு என்ற தலைப்பில் அந்த மையத்துக்குப் பூஜ்யம் கொடுத்திருக்கிறேன். ஒரு பெண்ணின் இருப்பிடத்தைக் காப்பாற்றத் தெரியாத இடத்துக்கு வேறு என்ன கொடுப்பது? அடுத்த வருடம் அதற்கு உதவி கிடைக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் அவரிடம் கொடுத்தது ஒரு முகவரியை மட்டும்தான். எனக்கு அதைக்கூட யாரும் கொடுக்கவில்லை. செல்லக்கனி தம்பி வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, அங்கே ஏழு தடவை போயிருக்கிறேன். அவள் அங்கே வரவே இல்லை என்கிறார்கள். இதேபோல் எங்கேயோ ஒரு மையத்தில், எவளோ ஒருத்தி அவள் முகவரியையும் பென்சிலில் எழுதி அழித்திருக்கிறாள். ஒன்பது வருடமாக அந்தக் கட்டம் மட்டும் எனக்குக் காலியாகவே இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். பதிலுக்கு ஒரு சின்ன உதவி. உங்கள் இலாகா நினைத்தால் ஓர் ஆளின் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. எனக்கு அவளிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான்.