பூசணம் பிடிக்காத அறை

அன்னாசிப் பழம் வாங்கினால் அதன் கொண்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் ஐயா. உங்கள் குப்பைக்கூடையில் ஒன்று கிடப்பதைப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். அந்த இலையிடுக்கில் கடுகளவு மொட்டுகள் ஒளிந்திருக்கும். ஒன்றைப் பதமாக வெட்டி எடுத்து பாட்டிலில் வளர்த்தால், அது ரெண்டாகும், நாலாகும். பொறுமை இருந்தால் ஒரு தோட்டத்துக்கே கன்று கிடைக்கும்.

எங்கள் பிழைப்பே அதுதான். பெரிய ஆய்வுக்கூடத்துக் கன்று சிறு விவசாயிக்கு எட்டாக்கனி. "வீட்டுல இருக்கறத வச்சே பண்ணிப் பாப்போம்" என்றார் என் கணவர். பழைய ஜாம் பாட்டில்கள், கடைச் சர்க்கரை, பாட்டிலுக்குள் உறைய வைக்க ஜவ்வரிசிக் கஞ்சி, கிருமி நீக்க பிரஷர் குக்கர். பின்பக்கத்துச் சின்ன அறையின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, ஒரு ஏசி மாட்டினோம். வீட்டில் வேறெங்கும் ஏசி கிடையாது. மொட்டு வெட்டி வைப்பது என் வேலை. எனக்கு ராசிக்கை என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

புருஷனைப் பறிகொடுத்துவிட்டு என் நாத்தனார் எங்களோடு வந்து இருந்தாள். எல்லோருக்கும் அவள் குட்டி. ஒரு தடவை பார்த்தாலே வேலையைப் பிடித்துக்கொள்வாள். முகமூடிக்குள்ளேயே ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வெட்டுவாள். "குட்டி கை பட்டா கட்டையும் துளிர்க்கும்" என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மழைக்காலத்தில் பாட்டில்களில் பூசணம் விழுந்தது. முதலில் பஞ்சு மாதிரி ஒரு பொட்டு. பிறகு பாட்டில் முழுக்க வெள்ளை. செடி உள்ளேயே அழுகிப்போகும். வாய் ஓயாமல் பாடினால் எச்சில் தெறிக்காதா என்று கணவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

ஒருநாள் நான் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தபோது குட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒன்றை எடுத்துக் கழுவினாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"கெட்டுப்போறது எல்லாம் நீங்க வச்ச பாட்டிலாவே இருக்கு. நகக்கண்ணுல புண்ணு இருக்கே, அதுலேருந்து வருதோ என்னவோ. ஆறுற வரைக்கும் நீங்க கஞ்சி காய்ச்சுங்க, வெட்டறத நான் பாத்துக்கறேன். அண்ணனுக்குத் தெரிய வேணாம். நமக்குள்ளயே இருக்கட்டும்."

என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். மறுநாள் களிம்பு வாங்கி வந்தாள். அவளுக்கு நல்ல மனசு. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் கிருமி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அது தெரியாது ஐயா. ஊரெல்லாம் தேடுவார்கள், தன்னை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

அவ்வப்போது அந்த அறையைக் காலி செய்து, புகையும் மருந்து வைத்து, கதவிடுக்கை டேப் ஒட்டி அடைப்போம். மறுநாள் வரை திறக்கக் கூடாது. அன்று கணவர் கன்றுகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பாட்டில்களை எல்லாம் கூடத்துக்கு மாற்றிய களைப்பில் குட்டி, "அண்ணி, கொஞ்ச நேரம் உள்ளயே சாஞ்சுக்கறேன். மருந்து வைக்கறப்ப எழுப்பிவிடுங்க" என்றாள். போனை வழக்கம்போல வெளியே தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் வாளியில் மருந்தைக் கலந்து உள்ளே வைத்தபோது சுவர்ப்பக்கம் திரும்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. தாழ்ப்பாள் போட்டேன். மேலே, பக்கங்களில், கீழே என்று டேப் ஒட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது. பிறகு தட்டினாள்.

"அண்ணி... அண்ணி, நான் உள்ள இருக்கேன்."

அவளுக்குக் கோபமே வரவில்லை. நான் மறந்துவிட்டேன் என்றே நினைத்திருக்கிறாள். பாதியில் திறந்தால் மருந்து வீண், வெளிக்காற்றும் உள்ளே போய்விடும். கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பலகை அதிர்ந்துகொண்டே இருந்தது. அது நின்றபிறகு, கீழ்மூலையில் டேப் பிரிந்திருந்ததைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, கஞ்சி காய்ச்சப் போனேன்.

விபத்து என்றார்கள். அவள் கடைக்குப் போயிருந்தாள் என்று நினைத்து, உள்ளே பார்க்காமலே வாளியை வைத்துக் கதவை அடைத்துவிட்டேன் என்றேன். "உன் மேல தப்பில்ல" என்று கணவரே என்னைத் தேற்றினார். மறுபடி நான் கத்தியை எடுத்தேன். அந்த அறை அவ்வளவு சுத்தமாக ஒருபோதும் இருந்ததில்லை.

பிறகும் வெள்ளை விழுந்தது. ஒன்று விடாமல் எல்லாப் பாட்டிலிலும். கணவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"குட்டி போனப்புறம் இதையெல்லாம் யாரு தொட்டா?"

"நான் மட்டும்தான்."

அவர் என் நகக்கண் புண்ணைப் பார்த்தார். "எச்சில் தெறிக்குதுன்னு குட்டியத்தானே சொன்ன?" என்றார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள். அவள் உள்ளே இருப்பது தெரிந்துதான் கதவை அடைத்தேன். அதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை. ஆனால் பூசணம் விஷயத்தில் அவர் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அது அவள் விட்டுப்போனது, சுவரில் தங்கிவிட்டது. இப்போது அவர் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து அழுகிறாராம். அவர் மூச்சிலும் அது ஏறியிருக்கும். என்னை ஒருநாள் வீட்டுக்கு அனுப்புங்கள் ஐயா. இன்னும் ஒரே ஒரு தடவை மருந்து வைத்துக் கதவை அடைத்தால் எல்லாம் சுத்தமாகிவிடும்.