2841 இன்ஜினின் இடது விளக்கு

டோரன் கவுண்டி நீதிமன்றம், பென்சில்வேனியா. 2017 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை, காலை 10.20 மணி. ஷெல்டன் மார்ஷ் ரயில் கம்பெனியின் மேல் தொடுத்துள்ள வழக்கில் ஆறாவது சாட்சி தானாக வந்து சொன்னது. எழுதிக்கொண்டவர் பதிவு அலுவலர் திருமதி லூயிஸ் பெட்ரி.

பெயர்: வெர்னன் ஸ்டாட்லர். வயது: 67. தொழில்: பல் செட் செய்யும் டெக்னீஷியன், தற்போது ஓய்வு. விலாசம்: 118, கட்லர் தெரு, ஆஷ்பி.

நான் மேற்கண்ட விலாசத்தில் பத்தொன்பது வருடமாகக் குடியிருந்து வருகிறேன். மனைவி காலமாகிவிட்டார், தனியாக இருக்கிறேன். இந்த வழக்கு சம்பந்தமாக ஏப்ரல் 20-ஆம் தேதி கம்பெனியின் விசாரணை ஆளிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு வரி பொய். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை என்பதை அலுவலர் வாசித்துக் காட்டினார், கேட்டுக்கொண்டேன். இதே சங்கதியை எமில் கோவாச்சிடமும் அவன் மனைவி டோரீனிடமும் ஒரு தடவை, கம்பெனி வக்கீலிடம் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இது மூன்றாவது தடவை. அசதியாக இருக்கிறது. ஆனாலும் வரிசை மாறாமல் சொல்கிறேன்.

எமில் கோவாச் சரக்கு ரயில் ஓட்டுநர், முப்பத்தொரு வருட சர்வீஸ். அவனை எனக்கு ஊரின் மாடல் ரயில் சங்கத்தில் இருபது வருடமாகத் தெரியும். அவனுக்கு ஓட்டத்தான் பிடிக்கும், செய்யத் தெரியாது, கை தடிமன். எனக்கு அதற்கு நேர்மாறு. கடையில் வாங்கும் மாடல் இன்ஜினில் கைப்பிடிகள் எல்லாம் பிளாஸ்டிக் உடம்போடு ஒட்டி வார்த்திருக்கும். அவற்றைச் சீவி எடுத்துவிட்டு, தலைமுடி கனத்துக்குத் துளை போட்டு, மெல்லிய கம்பியை வளைத்துச் செருக வேண்டும். பழைய மோட்டாரைக் கழற்றிப் புதியது வைக்க வேண்டும், ஹாரன் சத்தத்துக்கும் விளக்குக்கும் சர்க்யூட் பலகை பதிக்க வேண்டும், கடைசியில் புகைக்கரியும் துருவும் தூசியும் பெயிண்டாலும் சாக்பீஸ் பொடியாலும் ஏற்ற வேண்டும். ஒரு இன்ஜினுக்கு எனக்கு நான்கைந்து மாதம் ஆகும். பல் துளைக்கிற பழைய டிரில்லைத்தான் இதற்கும் வைத்திருக்கிறேன்.

2014-ஆம் வருடம் எமில் ஒன்பதரை அங்குல நீளத்தில் ஒரு சாதாரணக் கடை இன்ஜினை என்னிடம் கொடுத்து, அவன் வழக்கமாக ஓட்டும் 2841-ஆம் எண் இன்ஜினாக அதை மாற்றித் தரச் சொன்னான். நான் அதை அலமாரியில் போட்டு வைத்திருந்தேன். அது என் தப்புகளில் சின்னது.

எங்கள் சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. போட்டிக்கு வரும் இன்ஜின் ஏதாவது ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஜனவரியில் இருந்த புகைபோக்கியையும் ஜூனில் விழுந்த நசுங்கலையும் ஒன்றாகச் சேர்த்தால் தகுதி போய்விடும். இரண்டு பக்கத்துக்கும் அந்த நாளின் புகைப்படம் கொடுத்தாக வேண்டும். வெளியாட்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். எங்களுக்கு ரிப்பன் கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான்.

2016 ஆகஸ்ட் 9-ஆம் தேதி நான் தானியக் கிடங்குப் பக்கத்தில் நின்றிருந்த 2841-ஐ இடப்பக்கமிருந்து படம் எடுத்தேன். முன்னால் தண்டவாளத்துக்குச் சற்று மேலே இரண்டு விளக்குகள் இருக்கும். அன்று வலது விளக்கு எரிந்தது, இடது விளக்கு எரியவில்லை. படத்தில் அது தெளிவாக விழுந்திருக்கிறது.

அதன் பிறகு அக்டோபர் 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 7.40 மணிக்கு யார்டு வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். 2841 கிளம்பி வந்தது. வலப்பக்கத்தை மட்டும், முன்முகம் தெரியாத கோணத்தில் ஒரு படம் எடுத்தேன். எமில் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். அதுவும் படத்தில் இருக்கிறது. அன்று இடது விளக்கு எரிந்ததா என்று என்னைக் கேட்டால், இன்ஜின் எனக்கு நேராகத்தான் வந்தது, ஆனால் நான் கேமராவுக்குள் பக்கவாட்டுக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கைப் பார்க்கவில்லை.

அன்று காலை 8.25-க்கு மில் ரோடு கிராசிங்கில் அந்த ரயில் ஷெல்டன் மார்ஷ் என்பவரின் வண்டியில் மோதியது. அவருக்கு இடது கால் போய்விட்டது. இன்ஜினின் இடது முன்மூலை நொறுங்கிப்போனதால் அந்த விளக்கு எரிந்ததா இல்லையா என்று பிறகு யாராலும் சோதித்துப் பார்க்க முடியவில்லை. கம்பெனி 2841-ஐப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டது, எமிலை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. அந்தச் சமயத்தில் விசாரணை எல்லாம் ஹாரன் அடித்தானா என்பது பற்றித்தான். விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. இதை என் தப்பைக் குறைத்துக்கொள்வதற்காகச் சொல்லவில்லை, வரிசைக்காகச் சொல்கிறேன்.

அதன் பிறகுதான் அலமாரியிலிருந்து எமிலின் இன்ஜினை எடுத்தேன். அந்த இன்ஜினின் கடைசி நாளைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எமிலுக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கடைசி நாள் காலைப் படம் ஊரில் என் ஒருவனிடம்தான் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் இடப்பக்கத்துக்கு அந்த நாளின் படம் இல்லை. ஆகஸ்ட் படம்தான் இருந்தது. இரண்டு படத்தையும் பிரிண்ட் போட்டு, தேதி விழுந்திருந்த கீழ் ஓரத்தை இரண்டிலும் சமமாகக் கத்தரித்துவிட்டு, பின்பக்கம் அக்டோபர் 14 என்று என் கையால் எழுதினேன். கத்தரித்த துண்டுகளைக் குப்பையில் போட்டேன். ஆகஸ்ட் படத்தில் உள்ளபடியே மாடலின் இடது விளக்குக்கு வயர் கொடுக்காமல், கண்ணாடியை மட்டும் ஒட்டினேன். ஜன்னலில் இரண்டு விரல் தூக்கிய ஒரு பொம்மையையும் வைத்தேன். அது அரிசி அளவு. அதன் முகத்தை மூன்று தடவை மாற்றி வரைந்தேன்.

2017 மார்ச் 11-ஆம் தேதி போட்டி நடந்தது. நடுவர் ஆர்வில் டென்ச் என்பவர் குனிந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"ஸ்டாட்லரே, உன் இன்ஜின்ல ஒரு லைட்டு செத்துப் போச்சேப்பா."

"செத்ததைச் செத்ததாத்தான் செஞ்சிருக்கேன். படத்தைப் பாரு."

அவர் படத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தார், சிரித்தார், கழித்த மதிப்பெண்ணைத் திரும்பப் போட்டார். எனக்கு முதல் பரிசான நீல ரிப்பன் கிடைத்தது. சங்கத்தின் மாதத் தாளில் மாடலின் படமும் இடப்பக்கப் படமும் "அக்டோபர் 14 காலையில் 2841" என்ற வரியோடு வந்தன. அந்தத் தாளைக் கம்பெனிக்கு யார் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 20-ஆம் தேதி வியாழக்கிழமை சங்கம் கூடியிருந்தபோது கம்பெனியின் விசாரணை ஆள் வந்தார். மரியாதையான மனிதர், என் வேலையை ரொம்ப நேரம் பார்த்துப் பாராட்டினார். பிறகு இரண்டு படமும் அக்டோபர் 14 காலையில் எடுத்தவைதானே என்று கேட்டார். டென்சும் இன்னும் இரண்டு பேரும் காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றார்கள். நான் ஆமாம் என்றேன். அவர் எழுதிக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டேன். எதற்காகக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த மூன்று பேருக்கு முன்னால் வேறு பதில் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு எனக்குத் தெரிய வந்தது என்னவென்றால், புறப்படும் முன் இன்ஜினைச் சுற்றி நடந்து, விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவது ஓட்டுநரின் வேலை. எமில் அன்று காலை கையெழுத்துப் போட்டிருக்கிறான். என் படம் உண்மையென்றால் அவன் சுற்றி நடக்காமலே கையெழுத்துப் போட்டான் என்று ஆகிறது, மார்ஷின் கால் அவன் தலையில் விடிகிறது.

மே 7-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எமில் என் வீட்டுக்கு வந்தான். டோரீன் வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸ் நூடுல்ஸ் கொடுத்து அனுப்பியிருந்தாள். அதை மேஜையில் வைத்துவிட்டு இன்ஜினைக் காட்டச் சொன்னான். எடுத்துக் கொடுத்தேன். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். ஜன்னலில் இருந்த பொம்மையைப் பார்த்தான். இடது விளக்கைக் கட்டைவிரலால் தொட்டான்.

"நான் சுத்தி வந்தேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன், வெர்ன். முப்பது வருஷமா தெனம் சுத்துறவன், எந்த நாள் சுத்துனேன் எந்த நாள் சுத்தலைன்னு எப்படிச் சொல்றது? ஆனா நீ ஒரு ஸ்க்ரூவக்கூட மாத்திப் போடுற ஆளு இல்ல. உன் கண்ணுல எரியலைன்னா எரியலதான்."

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். ரிப்பன் அவன் தலைக்கு மேல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நூடுல்ஸ் ஆறிவிடும், சாப்பிடு என்றேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஐந்தரை மணிக்குப் போய்விட்டான்.

மே 22-ஆம் தேதி எமில் கம்பெனிக்கு ஒரு கடிதம் கொடுத்தான். அன்று காலை இன்ஜினைச் சுற்றி நடந்து பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அதில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறான். யாரும் மிரட்டிக் கையெழுத்து வாங்கவில்லை. இது எனக்கு ஜூன் 2-ஆம் தேதி டோரீன் வந்து சொல்லித் தெரியும். அவள் உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே பேசினாள். எமில் கார் ஓட்டுவதையே விட்டுவிட்டான், சர்ச்சில் மார்ஷின் தாயார் உட்காரும் பக்கம் திரும்புவதில்லை, காலையில் எழுந்து வீட்டுக்கு வெளியே காரைச் சுற்றிச் சுற்றி நடக்கிறான் என்றாள். எத்தனை சுற்று என்று அவள் எண்ணியிருக்கிறாள். ஆறு, ஏழு.

மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் எமில் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் கேமராவின் மெமரி கார்டை வைத்து, ஆகஸ்ட் தேதியையும் கத்தரித்த விஷயத்தையும் சொன்னேன். டோரீன்தான் பேசினாள். என்னை அடித்திருந்தாலும் சரிதான் என்று உட்கார்ந்திருந்தேன், ஆனால் அவள் அடிக்கவில்லை.

"அப்ப கோர்ட்டுல போய் அன்னிக்கு லைட்டு எரிஞ்சுதுன்னு சொல்லிடுங்க. நீங்கதான் வேலி ஓரம் நின்னீங்க. ஒரு ரிப்பனுக்காகப் பொய் சொன்னீங்கள்ல, இதுக்கு ஒண்ணு சொன்னா என்ன கொறஞ்சிரும்?"

நான் பார்க்கவில்லை என்றேன். பார்த்ததாகச் சொல்லுங்கள் என்றாள். முடியாது என்றேன். அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லாதவன் என்று மார்தட்ட எனக்கு முகமும் இல்லை. ஆனால் இன்னொரு தடவை பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால், அதையும் எமில் நம்புவான். அவன் என் கண்ணை நம்புகிறவன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது எமில் வாய் திறந்தான்.

"அப்ப நான் சுத்தி வந்தேனா, வரலையா?"

"தெரியாது எமில்."

"உனக்குமா தெரியாது?"

"எனக்கும் தெரியாது."

அவன் தலையை ஆட்டினான். மெமரி கார்டை எடுத்து என் சட்டைப் பையில் அவனே போட்டுவிட்டு, வக்கீலிடம் கொண்டு போ என்றான். வாசல்வரை வந்தான். என் காரைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டான், அது அவன் வழக்கம் இல்லை.

இன்று நான் ஒப்படைக்கும் பொருட்கள்: மெமரி கார்டு ஒன்று, அதில் இரண்டு படங்களும் அசல் தேதியோடு இருக்கின்றன, பின்பக்கம் நான் பொய்த் தேதி எழுதிய பிரிண்ட் இரண்டு, நீல ரிப்பன் ஒன்று, இதை வாங்கிக்கொள்ளச் சங்கம் மறுத்தால் நீதிமன்றமே வைத்துக்கொள்ளலாம், 2841 மாடல் இன்ஜின் ஒன்று. இன்ஜினை நான் ஜூன் 4-ஆம் தேதி மாற்றியிருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இடது விளக்கைக் கழற்றி எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் ஒரு துளை மட்டும் இருக்கிறது. கம்பெனி வக்கீல், அதை ஏன் பழுதாக்கினீர்கள் என்று கேட்டார். பழுதாக்கவில்லை. அக்டோபர் 14-ஆம் தேதி அந்த இடத்தில் நான் பார்த்தது அவ்வளவுதான். வலப்பக்க ஜன்னலில் விரல் தூக்கி நிற்கும் ஆளை அப்படியே விட்டிருக்கிறேன். அதை நான் பார்த்தேன். வழக்கு முடிந்ததும் இன்ஜினை எமிலிடம் கொடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன், அது அவனுடையது.

நான் சொல்லச் சொல்ல அலுவலர் எழுதியதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இல்லை. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறது. தேதியை அலுவலர் டைப் செய்ய வந்தார், நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

(கையொப்பம்) வெர்னன் ஸ்டாட்லர்
2017 ஜூன் 13. இன்றைய தேதிதான்.

என் முன்னிலையில்: லூயிஸ் பெட்ரி, பதிவு அலுவலர்