மரத்தில் சாய்ந்து நின்ற சைக்கிள்

தலைமை ஏற்றிருக்கும் வேதாசலம் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அரக்கோணத்திலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் சைக்கிள் மிதித்தே வந்து சேர்ந்திருக்கும் தோழர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஷாலினி அண்ணி அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம். நான் தேவயானி. உடற்கல்வி ஆசிரியை, தணிகை மலை சைக்கிள் குழுவின் செயலாளர். அழுது முடித்துவிட்டுப் பேசலாம் என்றுதான் இருந்தேன். வாசலில் கட்டியிருக்கும் பேனரைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. இப்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்தப் பேனர் என்ன சொல்கிறது? "சைக்கிள் விபத்தில் அகால மரணமடைந்த எங்கள் இளம்பரிதிக்குக் கண்ணீர் அஞ்சலி." கீழே மண் ஒப்பந்ததாரர் நாகேந்திரன் கைகூப்பி நிற்கிறார். அண்ணன் படத்தைவிட அவர் படம்தான் பெரிது. விபத்தாம்! அதுவும் "எங்கள்" இளம்பரிதியாம்! ஆற்றங்கரையில் ஆளை விழுங்கும் குழி தோண்டியவருக்கு எங்கள் அண்ணன் எப்போது சொந்தமானார்?

யார் இந்த இளம்பரிதி? நம் குழுவின் நிறுவனர். நம் மலைக்குப் பின்னால் இருக்கும் முள்ளுக்காட்டையும், மாடு மேயும் பொட்டலையும், ஆற்றுப் பள்ளத்தையும் ஒரே சைக்கிள் தடமாகக் கோத்துக் கொடுத்தவர். ஊரே கோயில் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மலையின் முதுகைப் பார்த்தவர் அவர். ஒவ்வொரு நிலத்துக்காரர் வீட்டு வாசலிலும் போய் நின்று, "உங்க வரப்பு ஓரமா சைக்கிள் போகலாமாங்க?" என்று கேட்டுத்தான் அந்தத் தடத்தைப் போட்டார். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் தடம் வளைந்து போகும். அதனால்தான் நம் தடத்தில் இத்தனை வளைவு.

முதலில் வழி தெரிவதற்காக முள்செடிகளில் மஞ்சள் துணி கட்டினார். அது ஆடிக் கிருத்திகை சமயம். பின்வழியாக மலையேறிய காவடிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, யாரோ வேண்டுதலுக்குக் கட்டியது என்று நினைத்து, தாங்களும் ஆளுக்கொரு மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் சைக்கிளோடு போனபோது காடு முழுக்க மஞ்சள்! அதை நம்பி ஓட்டிக்கொண்டு போய், கே.ஜி.கண்டிகையில் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கினோம். "யார்யா நீங்க? கடல விளைஞ்சிகினு கீது, அதுல வந்து சைக்கிள் வுட்றீங்களே!" என்று கத்திக்கொண்டு வந்தார் கொல்லைக்காரர் குமரேசன். அண்ணன் கைகட்டி நின்று திட்டு வாங்கினார். திரும்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "மஞ்சள் சாமிக்கு இருக்கட்டும் தேவயானி. நமக்கு லுங்கித் துணி போதும்." அன்றிலிருந்து அண்ணியின் பிறந்த வீட்டுத் தறியில் மிஞ்சும் துண்டுகள்தான் நமக்கு அடையாளம். நீலக் கட்டம் என்றால் வழி. சிவப்புக் கட்டம் என்றால் நில்.

அதோ, அந்தக் குமரேசன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு நம் தடம் அவர் கொல்லை ஓரமாகத்தான் போகிறது. அவரே கூப்பிட்டுக் கொடுத்த வழி அது.

மழை பெய்த மறுநாள் தடத்தில் சக்கரம் படக்கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். ஈரத்தில் ஓட்டினால் மண் அரித்துப் போகுமாம். சைக்கிள் டயர் அரிக்கும் கைப்பிடி மண்ணுக்காக நம்மையெல்லாம் வீட்டில் உட்கார வைத்தவர் அவர். அதே ஆற்றங்கரை மண்ணை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்களே, அவர்களை யார் உட்கார வைத்தார்கள்? எத்தனை மனு கொடுத்தார் அண்ணன்! "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்றார்கள். என்னத்தைப் பார்த்தார்கள்?

மனுவுக்குப் பலன் இல்லை என்றதும் குழியைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் கட்டினார். மண் அள்ளுகிறவர்கள் அதை அவிழ்த்து எறிந்தார்கள். துணி தொங்கினால் குழி ஊர் கண்ணில் பட்டுவிடுமே! இவர் கட்டுவார், அவர்கள் அவிழ்ப்பார்கள், மறுபடியும் இவர் கட்டுவார்.

நம் குழுவில் முன்வண்டி என்று ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் புறப்படுவதற்கு முன் ஒருவர் தனியாகப் போய், தடத்தைப் பார்த்துத் துணி கட்டிவிட்டுப் போன் செய்வார். அதன் பிறகுதான் மற்றவர்கள் மிதிக்க வேண்டும். அன்று காலையும் அண்ணன்தான் முன்வண்டி. நாங்கள் கண்டிகை டீக்கடையில் சிரித்துப் பேசிக்கொண்டு அவர் போனுக்காகக் காத்திருந்தோம். அந்தப் போன் வரவே இல்லை.

மறுநாள் பேப்பரில் என்ன போட்டார்கள்? "அதிவேகமாக வந்த சைக்கிள் பள்ளத்தில் கவிழ்ந்தது." வழக்கிலும் அதையே எழுதியிருக்கிறார்கள். சரி, இதோ என் பக்கத்தில் நிற்கிறது அண்ணனின் சைக்கிள். யாராவது மேலே வந்து தொட்டுப் பாருங்கள். ஹேண்டில் கோணியிருக்கிறதா? கம்பி வளைந்திருக்கிறதா? ஒரு கீறல் உண்டா? நாங்கள் தேடி ஓடிப் போனபோது இது குழிக்குச் சற்றுத் தள்ளி ஒரு புங்க மரத்தில் சாய்ந்து நின்றது. வேகமாக வந்து கவிழ்ந்தவர், செத்த பிறகு எழுந்து வந்து சைக்கிளை மரத்தில் சாய்த்து வைத்தாரா?

அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்த குப்பம்மாள் அக்கா இதே கூட்டத்தில் இருக்கிறார். விசாரிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அவரு வேகமாலாம் வர்ல சார். வண்டிய மரத்துல சாச்சிட்டு, செவப்புத் துணிய கையில எடுத்துகினு குழியாண்ட போனாரு. கரைய அடியில கொடஞ்சி வச்சிகிறாங்க, அது தெரியாம செடியில துணி கட்டப் போனாரு. அப்படியே இடிஞ்சி வுழுந்துட்ச்சி." இதில் எந்த வார்த்தை புரியவில்லை? ஏன் ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை? மண்ணுக்குள்ளிருந்து அண்ணனை எடுத்தபோது அவர் கையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி இருந்தது. நாம் விழுந்துவிடக் கூடாது என்று கட்டப் போனவரைத்தான் இவர்கள் வேகமாக வந்து விழுந்தவர் ஆக்கிவிட்டார்கள்.

இப்போது தலைவர் கையில் ஒரு தீர்மானம் இருக்கிறது. பாதுகாப்பு கருதி ஆற்றுத் தடத்தை நிரந்தரமாக மூடுவது. நாகேந்திரன் தன் செலவில் அண்ணன் பெயரில் கட்டித் தரும் நினைவு வளைவை நன்றியுடன் ஏற்பது. ஐயா கையமர்த்துகிறார், உட்காரம்மா என்கிறார். மன்னியுங்கள் ஐயா, முடித்துவிட்டுத்தான் உட்காருவேன். நாம் அங்கே போவதை நிறுத்திவிட்டால் ஆற்றங்கரையில் யார் இருப்பார்கள்? லாரிகள் மட்டும்தான் இருக்கும். அதற்குத்தானே இந்த வளைவு? அண்ணன் வழி கேட்டு வாசல் வாசலாக நின்றாரே தவிர, வாழ்நாளில் ஒருவரிடமும் வழியை விற்கவில்லை. அவர் பெயரில் நாம் விற்கலாமா?

அந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். குழி மூடப்பட வேண்டும், குப்பம்மாள் அக்கா சொன்னது வழக்கில் ஏற வேண்டும். அதுவரை நம் தடம் திறந்தே இருக்கும். இன்று காலை அண்ணி என்னிடம் ஒரு பை கொடுத்தார். "இந்தா தேவயானி, அவரு வெட்டி வச்சது. வீட்ல சும்மா கெடக்கக் கூடாது" என்றார். பை நிறையச் சிவப்புக் கட்டம்.

வரும் ஞாயிறு நான்தான் முன்வண்டி. முன்வண்டி தனியாகப் போக வேண்டும் என்ற வழக்கத்தை இந்த மேடையிலேயே உடைக்கிறேன். சைக்கிள் உள்ளவர்கள் சைக்கிளில் வாருங்கள், இல்லாதவர்கள் நடந்து வாருங்கள். கரை ஓரத்தை நெருங்காமல், தள்ளி நின்று குழியைச் சுற்றிக் கட்டுவோம். யார் வந்து அவிழ்க்கிறார்கள் என்று நின்று பார்ப்போம்.

வாசலில் நிற்கும் தோழர்களே, அந்தப் பேனரை இறக்கிவிடுங்கள். கயிற்றை மட்டும் அறுத்துவிடாதீர்கள், முடிச்சை அவிழ்த்து எடுங்கள். நல்ல கயிறு அது. குழியைச் சுற்றிக் கட்ட நமக்கு வேண்டும்.